அச்சிட்ட சாகசமா, சொந்தக் கதையா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது, ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் அதில் வீரர்களாக ஆடும் மேசை விளையாட்டு. அதை நடத்தப் பழகும் சேலத்து நண்பர்களுக்கு, அச்சிட்டு விற்கும் ஆயத்தக் கதையை (சாகசம்) எடுப்பதா, சொந்தமாக எழுதுவதா என்ற குழப்பம் ஓயாது.

செலவு: அச்சிட்டதற்குக் காசு. சொந்தத்துக்கு நோட்டு, பென்சில். அடிப்படை விதிகள் எப்படியும் இலவசம்.

சண்டை: அச்சிட்டதில் எதிரிகளை அளந்து வைத்திருப்பார்கள். சொந்தத்தில் ஆசைப்பட்டு ஓர் ஓகரை (பூதம் போன்ற முரட்டு எதிரி) இறக்கினால், முதல் நிலை வீரர் ஒரே அடியில் சாய்ந்துவிடலாம்.

சமாளிப்பு: ஆட்டக்காரர்கள் வழி மாறினால் அச்சிட்டதில் பக்கம் புரட்ட வேண்டும். சொந்தக் கதையை ஏற்காட்டில் வைத்தால் வருணனைக்கே வேலையில்லை. ‘பதினோராவது கொண்டை ஊசி வளைவு, பனிமூட்டம், எதிரே வண்டி விளக்கு’ என்றாலே மேசை அமைதியாகிவிடும். (உடனே ஒருவர் மிளகாய் பஜ்ஜி கேட்பார், அது வேறு.)

முதல்முறை நடத்துபவர் அச்சிட்டதையே எடுங்கள். விதிகள் கைக்கு வந்து, அதே கூட்டம் வாராவாரம் கூடினால், அப்புறம் சொந்தக் கதையோடு ஏற்காட்டுச் சேர்வராயன் மலைக்கு ஏறலாம்.