பிரம்பில்லாத கால் பேடும் ஒட்டாத பட்டையும்

கிரிக்கெட் ஆடும்போது கட்டுகிற மோல்டட் ஃபோம் கால் பேட்டின் விலை இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நான் அதைக் கட்ட ஆரம்பித்துச் சில வருஷம் ஆகிவிட்டதால், பக்கத்து டீம்களில் இருந்து ஆளாளுக்கு என்னிடம் விசாரிக்கிறார்கள். போன மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இந்த வாரம்தான் பட்டை மறுபடியும் போய், வடசேரியில் ரிப்பேருக்கு அலைந்துவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் சூடாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பேட் என்று நீட்டி விளக்க வேண்டியதில்லை. முன்பக்கம் நெடுக ஓடும் பிரம்புக் குழல்கள் கிடையாது, பஞ்சு அடைப்பு கிடையாது, முழங்காலுக்குக் குறுக்கே மூன்று உருளை இருக்குமே, அதுவும் கிடையாது. ஒரே அச்சில் வார்த்த கெட்டி ஃபோம் ஓடு, உள்ளே மெத்தென்று இன்னொரு அடுக்கு, பின்னால் ஒட்டுப் பட்டைகள். அவ்வளவுதான். முதல் தடவை இதைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது எதிர் டீம் கீப்பர் பையன் "அண்ணே, ஹாக்கி கோல் கீப்பரா வந்திருக்கியளா?" என்றான்.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல மனசு வராது. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மழை விட்டாலும் குளச்சல், முட்டம் பக்கம் போனால் உப்புக்காற்று. பழைய பேட்டுகள் இதில் பட்ட பாடு கொஞ்சமா? பஞ்சு வேர்வையைக் குடித்துக் குடித்து, கிட் பேக்கைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவன் எழுந்து போவான். குழலுக்கும் குழலுக்கும் நடுவில் கரும்புள்ளியாகப் பூசணம் படரும். முகப்பில் ஒட்டியிருக்கும் பியூ ரெக்சினுக்கு ஈரமே எமன். பியூ என்றால் பாலியூரிதேன், ஈரத்தில் மெல்லச் சிதைகிற பொருள். ஒரு நாள் பிசுபிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். மீரட்டிலும் ஜலந்தரிலும் தைக்கிறவர்கள் நம்ம ஊர் ஆடிச் சாரலை நினைத்துக்கொண்டா தைக்கிறார்கள்?

இந்த ஃபோம் பேட்டுக்கு அந்தத் தொல்லையே இல்லை. இது ஈவிஏ. செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடுகிற அதே வகை. உள்ளே இருக்கும் காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடிக்கிடப்பதால், பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் போலத் தண்ணீர் உள்ளே ஏறாது. மேட்ச் முடிந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடியில் தொங்கவிட்டால் போதும், ராத்திரிக்குள் காய்ந்துவிடும். ஈரப் புல்லில் ஓடினாலும் கனம் கூடாது. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய ஜோடி காய்ந்த நிலையிலேயே இரண்டு கிலோவைத் தொட்டது, இது ஒன்றேகால் கிலோகூட வரவில்லை. நாற்பதைத் தாண்டியவனுக்கு இரண்டு ரன்னை மூன்றாக்க இது எவ்வளவு உதவி என்று தெரியும்.

அடி வாங்குவதிலும் குறை சொல்ல மாட்டேன். பிரம்பு, வந்த அடியை நெடுகப் பரப்பிவிடும். ஃபோம் அந்த இடத்திலேயே நசுங்கி வாங்கும். நல்ல வேகத்தில் வந்த பந்து நேராக முன்னங்காலில் பட்டும் நான் நொண்டியதில்லை. என்ன, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் ஈவிஏ பழைய உயரத்துக்கு முழுசாக எழும்பாது. என் இடது பேட்டில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம் நிரந்தரமாகிவிட்டது. உள்ளே வருகிற பந்துக்கு நான் காலைத்தான் முதலில் நீட்டுகிறேன் என்று எங்கள் கேப்டன் அந்தப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டுவார்.

சத்தம் மட்டும் வேறு. பஞ்சுப் பேட்டில் பந்து பட்டால் 'தொப்' என்று அமுங்கிக் கேட்கும். இதில் 'டக்' என்று தெறிக்கும். கீப்பர், ஸ்லிப், பந்து போட்டவன் எல்லோரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்குவார்கள். டிவியில் பந்து மட்டையில் உரசியதா என்று சத்தத்தை வைத்துக் காட்டும் அல்ட்ரா எட்ஜ் இருக்கிறது, நம்ம அம்பயருக்கு இரண்டு காதுதான். மட்டை பக்கத்திலேயே வராத பந்துக்கு எட்ஜ் என்று என்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். இது புதுத் தொல்லை என்று நினைக்காதீர்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் சர்ரே ஆட்டக்காரர் ராபின்சன் என்பவர் முழங்காலுக்குக் கீழே இரண்டு மெல்லிய பலகையைக் கோணலாகக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார். பந்து பட்டதும் மட்டையில் பட்டதுபோலவே தெறித்து ஓடி, பலத்த சத்தம் வந்திருக்கிறது. எல்லோரும் சிரித்ததில் மனிதர் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டார். கால் பேட்டின் சரித்திரமே அந்தச் சத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

பட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒட்டுப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் சொரசொரப்பாக நைலான் கொக்கிகள், மறுபக்கம் மெத்தென்று நூல் வளையங்கள். கொக்கி வளையத்தில் மாட்டும், இழுத்தால் 'சர்ர்' என்று விடும். சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-ல் நாயோடு வேட்டைக்குப் போய்த் திரும்பினார். உடுப்பிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டு வந்த காட்டுச்செடியின் முள்காயை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அதன் முனைகள் கொக்கி கொக்கியாக வளைந்திருந்தன. அதைப் பார்த்துப் பிறந்ததுதான் வெல்க்ரோ. 1955-ல் காப்புரிமை கிடைத்தது.

அந்த மனிதரை ஒரு நாள் எங்கள் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஒட்டுப்புல். வேட்டியோடு ஒரு நடை நடந்தால் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பிடுங்க வேண்டிய ஜாதி. அவுட்டாகி வந்தவன் பேட்டைக் கழற்றி அந்தப் புல்லில்தான் வீசுகிறான். வளையங்கள் இருக்கும் மெத்தைப் பக்கம் புல்விதை ஊசி ஊசியாக ஏறிக்கொள்கிறது. கொக்கிப் பக்கத்தில் சாக்ஸ் நூலும், மணலும், எவன் வீட்டு நாய் ரோமமோ அதுவும். ஒட்டுகிற விதையைப் பார்த்துச் செய்த பட்டையை ஒட்டுகிற விதையே கொல்கிறது. குண்டூசி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நோண்டினால் விதை வருகிறது, கூடவே வளையமும் பிய்ந்து வருகிறது. வளையம் பிய்ந்து பஞ்சாகப் பறந்துவிட்டால் கொக்கி எதில் போய் மாட்டும்?

இன்னொன்று, பேட்டை நான் ஒருவன் மட்டும் கட்டுவதில்லை. நம்ம ஊர் கிளப்பில் யாருடைய பேட் யாருடையது? சாதாரணப் பேட்டில் வலதுகைக்காரனுக்கு ஒன்று, இடதுகைக்காரனுக்கு ஒன்று என்று அமைப்பு மாறும். இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வார்த்தது, யார் வேண்டுமானாலும் கட்டலாம். வாங்கும்போது பெரிய வசதி என்று நினைத்தேன். இப்போது ஓப்பனரும் கட்டுகிறான், பதினோராவது ஆளும் கட்டுகிறான், எங்கள் டீமின் ஒரே இடதுகைக்காரனும் கட்டுகிறான். என்னோடு நின்றால் பல வருஷம் வந்திருக்கும் பட்டை, ஊரே இழுத்து இழுத்துப் பிரித்ததில் சீக்கிரமே உயிரை விட்டது. முதலில் போவது கணுக்கால் பட்டைதான். ஒரு ரன் ஓடுவதற்குள் அவிழ்ந்து காலுக்குப் பின்னால் வால் போல ஆடும், இன்னொரு காலால் அதை மிதிப்போம்.

சரி, பட்டை போனால் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். பழைய தோல் வார் அறுந்தால் செருப்பு தைக்கிறவர் வேறு வார் வெட்டித் தைத்துவிடுவார், கொக்கி மட்டும் உப்பில் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடக்கும். பஞ்சுப் பேட்டிலும் தைக்கத் துணி இருக்கிறது, ரெக்சின் இருக்கிறது. இதில் பட்டையின் அடி ஃபோமோடு சூட்டில் ஒட்டியது. வடசேரியில் குடையும் பையும் தைக்கிற அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் விரலால் அமுக்கிப் பார்த்தார், ஊசியால் ஒரு குத்துக் குத்தி நூலை இழுத்தார். கத்தி வைத்தது போல ஃபோம் பிளந்துகொண்டு வந்தது. "பிள்ளே, இதுல நூலு நிக்காது. ஊசி ஏறுது, ஆனா புடிக்க எடமில்ல" என்றார். கடைசியில் உள்பக்கம் ரெக்சின் துண்டு வைத்து, வெளியே வாஷர் வைத்து, இரண்டு ரிவிட் அடித்துக் கொடுத்தார். நிற்கிறது. ஆனால் குனிந்து நின்றால் ரிவிட் தலை கெண்டைக்காலில் உரசுகிறது. அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆடுகிறேன்.

வாங்கின கடையில் கேட்டேன். பட்டை தனியாக வராதாம், ஜோடியாகப் புதிது வாங்கச் சொன்னார்கள். ஓடு அப்படியே இருக்கிறது, உள் அடுக்கு அப்படியே இருக்கிறது, கையகலப் பட்டைக்காக முழுசையும் தூக்கிப்போட வேண்டுமாம். ஏரோப்ளேன் செய்கிற மூளையோடு வார்த்துவிட்டு, கடைசியில் பசை தடவி அனுப்பினால் கோபம் வருமா வராதா?

மார்த்தாண்டத்தில் இருக்கிற கூட்டாளி ஒருவன் ராத்திரி போன் பண்ணி, "மக்கா, ஆஃபர்ல கெடக்கு, எடுக்கட்டா?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழைக்குக் கொள்ளாம் (எங்க ஊர்ப் பேச்சில் நல்லது என்று அர்த்தம்), காலுக்குக் கொள்ளாம், ஓடுறதுக்கு ஒருபாடு கொள்ளாம், ஆனா வேண்டாம். "அப்போ ஒன்னோடத எனக்குத் தா, பாதி வெல தாறேன்" என்றான். அதுவும் முடியாது என்றேன். பஞ்சுப் பேட்டைத் திரும்பக் கட்ட எனக்குப் பைத்தியமா?

பிடிவாதமாக வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்கள், கடையில் பேட்டைப் புரட்டிப் பின்பக்கத்தை மட்டும் பாருங்கள். பட்டை ஓட்டில் வெட்டிய துவாரம் வழியாக நுழைந்து வெளியே வந்தால், அதை உருவிவிட்டு டெய்லர் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி வேறு மாட்டலாம். அப்படிப்பட்ட மாடல்களும் வருகின்றன. பட்டையும் ஓடும் ஒன்றாக ஒட்டியிருந்தால், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.