அதிர்ச்சி அலையில் காந்தப்புலம்: அமுக்கமா, காஸ்மிக் கதிர்களா?

தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர், அதிர்ச்சி அலையில் காந்தப்புலம் வலுப்பெறுவதை விளக்கும் இந்த இரண்டில் எதைச் செமினாருக்கு எடுக்கலாம் என்று கேட்டார்.

அமுக்கம் எளிது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வேகம் குறைந்ததும் வண்டிகள் நெருங்குகிற மாதிரி, அதிர்ச்சி முகப்பைத் (அலையின் முன்விளிம்பை) தாண்டும் பிளாஸ்மாவும், அதாவது மின்னூட்டத் துகள்களாலான வாயுவும், நெருங்குகிறது, கூடவே காந்தப் புலக்கோடுகளும். ஆனால் சாதாரண வாயுக் கணக்கில் உச்சவரம்பு 4 மடங்குதான். அதுவும் முகப்புக்கு இணையான கூறுக்கு மட்டும். செங்குத்துக் கூறு அப்படியே கிடக்கும். பூமிக்கு முன்னால் சூரியக் காற்று மோதும் இடத்துக்கு இது ஏறக்குறையப் போதும்.

வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சமான (சூப்பர்நோவா எச்சம்) காசியோப்பியா ஏ-வுக்குப் போதாது. விண்மீன்களுக்கு இடையிலான புலம் சில மைக்ரோகாஸ்தான் (காஸ் என்பது காந்தப்புல அலகு, மைக்ரோகாஸ் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்த சூப்பர்நோவா எச்சத்தைச் சந்திரா தொலைநோக்கி எடுத்த படங்களிலோ, எக்ஸ்-கதிர் விளிம்பு நூலிழை போல மெலிந்திருக்கிறது. எக்ஸ்-கதிரை வீசும் எலக்ட்ரான்கள் முகப்பை விட்டு அதிக தூரம் போவதற்குள் ஆற்றலை இழக்க நூறு மைக்ரோகாஸுக்கு மேல் வேண்டும் என்பதே முக்கிய விளக்கம்.

அங்கேதான் 2004-இல் இயற்பியலாளர் டோனி பெல் சொன்ன வழி வருகிறது. முகப்புக்கு முன்னே பாயும் காஸ்மிக் கதிர்களின் (மிக வேகமான மின்னூட்டத் துகள்களின்) மின்னோட்டத்தை ஈடுகட்ட, பிளாஸ்மாவில் எதிர் மின்னோட்டம் ஓடுகிறது. புலத்தில் சின்ன வளைவு இருந்தாலும் அதைத் தள்ளித் தள்ளிச் சுருளாகப் பெருக்குகிறது. அமுக்கம் அதற்கு அப்புறம்தான்.

கணக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இருந்தாலும் பெல்லையே எடுக்கச் சொன்னேன். அமுக்கத்தை முதல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.