உணரும் கான்கிரீட் கட்டை: எண்ணுவதில் கெட்டி, எடை போடுவதில் இன்னும் தடுமாற்றம்

பார்த்தால் சாதாரண தளக் கல்தான். நிறம் கொஞ்சம் கறுப்பு, பக்கவாட்டில் நான்கு வயர்கள். சாலையில் பதித்துவிட்டால் மேலே ஏறும் சக்கரத்தைத் தானே உணரும் என்று விற்கிறார்கள். எங்கள் சோதனைக்கூட வளாகச் சாலையில் பதித்து, மழை வெயில் இரண்டும் பார்த்தாயிற்று.

சிமென்ட்டில் பொடிப்பொடியாக வெட்டிய, மின்சாரம் கடத்தும் கார்பன் நார், சிமென்ட் எடையில் அரை சதவீத அளவுக்குக் கலந்திருக்கிறது. அழுத்தினால் நார்கள் நெருங்கி மின்தடை குறையும், இழுத்தால் கூடும். உள்ளே விரிசல் விட்டால் பாரம் இறங்கிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. 1993-லேயே அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டெபோரா சங் குழு காட்டிய சங்கதிதான் இது. பிறகு மினசோட்டாவின் எம்என்ரோடு சோதனைச் சாலையில் கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழல்) கலந்த கட்டைகளைப் பதித்து வண்டி ஓட்டிப் பார்த்தார்கள். ஆக, புதுச் சரக்கு இல்லை. கடைக்கு வரத்தான் தாமதம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லாரி ஒன்று மெதுவாக ஏறியது. திரையில் ஓடும் மின்தடைக் கோட்டில் முன் அச்சுக்கு ஒரு பள்ளம், சற்று இடைவெளி, அப்புறம் பின்னாலுள்ள இரட்டை அச்சுக்கு ஒட்டினாற்போல் இரண்டு பள்ளம். அத்தனை சுத்தம்! சாலையை அறுத்துப் பதிக்கும் லூப் கம்பி வண்டி வந்ததைச் சொல்லும், பாரத்தைப் பற்றி வாய் திறக்காது. தளம் வெடித்தால் கம்பியும் அறுந்துபோகும். இங்கே கட்டையே சென்சார் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. நான்கு வயர் வைத்ததும் சரியான முடிவு: வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். இரண்டே வயர் என்றால் மின்முனை ஒட்டியிருக்கும் இடத்தின் தடையும் கணக்கில் சேர்ந்து குழப்பும்.

இனி குறைகள். கூடவே தருகிற ரீடர், அதாவது மின்தடையைப் படிக்கும் கருவி, நேர்மின்னோட்டத்தில் அளக்கிறது. கட்டைமேல் ஈகூட உட்காராதபோதும் மின்தடை மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஈரமான சிமென்ட்டில் மின்துருவமாதல் (ஒரே திசை மின்னோட்டத்தில் மின்னூட்டங்கள் இரு முனைகளுக்கும் ஒதுங்குவது) நடக்கும் என்பது இந்தத் துறையில் பாலபாடம். தயாரிப்பாளருக்கு எப்படித் தெரியாமல் போனது? மாறுதிசை மின்னோட்ட மீட்டரை மாட்டியதும் கோடு அடங்கிவிட்டது.

பெரிய சிக்கல் தண்ணீர். மழை ஊறியதும், பாரமே இல்லாதபோது காட்டும் மின்தடை அளவே கீழே இறங்கிவிடுகிறது. அதே லாரி, அதே பாரம், பள்ளத்தின் ஆழம் மட்டும் வேறு. உச்சிவெயிலிலும் மின்தடை குறைகிறது. மின்தடையைப் பாரமாக மாற்றிச் சொல்லக் கொடுத்திருக்கும் அளவீட்டு அட்டவணையோ உலர்ந்த அறைக்கு மட்டும்தான். பக்கத்தில் சக்கரம் படாத இடத்தில் இன்னொரு கட்டையைப் புதைத்து, அதன் அளவைக் கழித்தால் நிலைமை நிறையத் தேறுகிறது. அந்தத் துணைக் கட்டையைச் சேர்த்து ஜோடியாகவே விற்றிருக்க வேண்டும். தண்ணீர் புகாமலிருக்க மேலே எபாக்ஸி பிசின் பூசலாம்தான், ஆனால் சக்கரத் தடத்தில் அது தேய்ந்துவிடுகிறது.

கட்டைக்குப் பதிலாக, மூட்டையில் வாங்கி இடத்திலேயே வார்க்கும் நார்க் கலவையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மிக்ஸரில் நார் பந்து பந்தாகத் திரள்கிறது. அப்படித் திரண்டால் ஒரு மூலை நன்றாக உணரும், மறு மூலை ஊமை. கையுறை இல்லாமல் தொட்டால் அரிப்பு வேறு.

வண்டிகளை எண்ண, அச்சுகளைப் பிரித்தறிய, தளம் வெடிக்கிறதா என்று கவனிக்க, முன்பே வார்த்து வரும் கட்டையைத் தாராளமாக வாங்கலாம். அதிக பாரத்துக்கு அபராதம் போட இதை நம்பாதீர்கள். வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: நனைந்த கட்டைக்கான அளவீட்டு அட்டவணை இருக்கிறதா?