அமெண்ட்மென்ட் என்ற பெயரில் போன 276 டாலர்: எஃப்-1 மாணவர்களே, உஷார்

276 டாலர். ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) வாசலைக்கூட மிதிக்காத அமெண்ட்மென்ட் (திருத்திய வரிக்கணக்கு) தாள்களுக்கு. நேற்றுதான் உறுதியானது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

விஷயம் சின்னது. 2024ஆம் ஆண்டுக்கான 1040-என்ஆர் (எஃப்-1 மாணவர் விசாவில் நான்-ரெசிடென்ட்டாக, அதாவது வரிக்கணக்கில் அமெரிக்கவாசி அல்லாதவராக, போடும் ரிட்டர்ன்) பிப்ரவரியிலேயே போய்விட்டது. கேம்பஸ் வேலைக்கான டபிள்யூ-2வில் (சம்பளச் சான்று) 8,400 டாலர். மார்ச் கடைசியில் 1042-எஸ் (வெளிநாட்டவருக்குக் கொடுத்த தொகையையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் படிவம்) வந்து நிற்கிறது: வருமானக் குறியீடு 16, ஸ்காலர்ஷிப் 6,000 டாலர், 14 சதவீதப் பிடித்தம் 840 டாலர். டபிள்யூ-2வுக்குக் கெடு ஜனவரி 31, 1042-எஸ்ஸுக்கு மார்ச் 15. இந்த ஆறு வார இடைவெளியில் அவசரப்பட்டு ஃபைல் பண்ணுகிறவர்கள்தான் மாட்டுகிறோம்.

இரண்டையும் கூட்டினால் 14,400. இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவு இந்திய மாணவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வருமானத்தில் வரி போடாமல் கழித்துவிடும் நிலையான தொகை) தருகிறது. 2024க்கு அது 14,600. ஆக வரி பூஜ்யம். 840 டாலரும் முழுசாகத் திரும்பி வர வேண்டிய காசு. இதற்கு ஆளே தேவையில்லை என்பது இப்போது தெரிகிறது.

ஆள் யார் என்றால், கேம்பஸ் பக்கத்தில் நம்ம ஊர் மாணவர்களை நம்பியே நடக்கிற ஒரு டாக்ஸ் ஆபீஸ். தமிழில் பேசினார். 1042-எஸ்ஸை வாங்கிப் பார்த்ததும் 16ஆம் குறியீட்டைச் சரியாகத் தொட்டுக் காட்டினார். அங்கேதான் நம்பிக்கை வந்தது. கல்லூரிக் கட்டண விவரம் உள்ள 1098-டி படிவத்தைக் கேட்டு வாங்கி ஏதோ தட்டிவிட்டு, லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். பச்சை எழுத்தில் 1,840. “நீயே போட்டா 840 தான் தம்பி. எங்கிட்ட வந்தா பாரு. அதுல பதினஞ்சு பர்சென்ட் மட்டும் குடு.” ரீஃபண்டில் பங்கு கேட்ட அந்த நொடியே எழுந்து வந்திருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 840க்குப் பதினைந்து சதவீதம் 126 டாலர். 1,840க்கு 276. நடுவில் முளைத்த 1,000 டாலர் யாருக்காக?

அந்த 1,000, அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்ற கல்விச் செலவு வரிச்சலுகையில் ரொக்கமாகத் திரும்பத் தரும் பகுதி. நான்-ரெசிடென்ட்டாக ஃபைல் பண்ணுகிற மாணவருக்கு அது கிடையாது. கல்லூரியின் முதல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே உள்ள சலுகை வேறு. ஊரில் டிகிரி முடித்துவிட்டு மாஸ்டர்ஸ் படிப்பவருக்கு எந்தக் கணக்கிலும் பொருந்தாது. தப்பித் தவறி வந்துவிட்டால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நியாயமான காரணம் காட்ட முடியாவிட்டால் 20 சதவீத அபராதம். பொறுப்பில்லாமல் கேட்டதாக முடிவு செய்தால் 2 ஆண்டு அந்த கிரெடிட்டுக்குத் தடை, மோசடி என்றால் 10 ஆண்டு. கையெழுத்து நம்முடையது, எனவே தலையும் நம்முடையது.

அவர் தயாரித்ததன் நகல் வாங்கவே மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது. திருத்தப் படிவமான 1040-எக்ஸுக்குப் பின்னால் இணைத்திருந்தது என்ஆர் இல்லை, ரெசிடென்ட்டுகளுக்கான வெறும் 1040! அடியில், காசு வாங்கித் தயாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலி. பி என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட பிடிஐஎன் (தயாரிப்பவரின் அடையாள எண்) அங்கே கட்டாயம் இருக்க வேண்டும்.

“தபால்ல அனுப்பியாச்சு” என்றார். ஐந்து வாரம் கழித்தும் ஐஆர்எஸ் தளத்தின் அமெண்டட் ரிட்டர்ன் நிலவரத்தில் ஒன்றுமே இல்லை. “16 வாரம் ஆகும் தம்பி, அவங்ககிட்ட ஆளே இல்ல.” 16 வாரம்வரை ஆகலாம் என்பது உண்மை, அதனால்தான் இந்தச் சாக்கு எடுபடுகிறது. ஆனால் வந்து சேர்ந்ததா என்பது சுமார் மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். சர்ட்டிஃபைடு மெயில் ரசீது கேட்டால் “ஆபீஸ்ல இருக்கும், பாக்குறேன்.” அடுத்த முறை “சார் மீட்டிங்ல இருக்கார்.” பணத்தைக் கேட்டதும் “வேலை முடிஞ்சா ரீஃபண்ட் கிடையாது, பில்லுலயே போட்டிருக்கு.” ஜெல் (Zelle) பணப் பரிமாற்றத்தில் போன 276 டாலருக்குப் பில்லே தரவில்லை ஐயா!

சரியான முறை இதுதான். முதல் ரிட்டர்னின் ரீஃபண்ட் வந்து முடியட்டும். 1040-எக்ஸ் முதல் பக்கத்தில் பெயர், முகவரி, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்), எந்த ஆண்டு என்பது மட்டும். வேறு எந்தக் கட்டத்தையும் நிரப்பாதீர்கள். காரணம் எழுதும் இடத்தில் “1042-எஸ் தாமதமாக வந்தது” என்று இரண்டு வரி, அடியில் கையெழுத்து. பின்னால் திருத்திய முழு 1040-என்ஆர், அதன் தலையில் ‘அமெண்டட்’ என்று எழுதி. ஸ்காலர்ஷிப், கூடுதல் வருமானத் தாளான ஷெட்யூல் 1இன் 8ஆர் லைனில்; பிடித்த 840 டாலர், 1040-என்ஆரின் 25ஜி லைனில். 1042-எஸ் நகல் இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். வீடு மாறுகிறவர்கள் முகவரியைப் பாருங்கள். அவசரம் வேண்டாம், முதல் ரிட்டர்ன் கெடுவிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

இன்னும் நிறைய எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. 1042-எஸ் வருமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்காமல் பிப்ரவரியில் ஃபைல் பண்ணாதீர்கள். அது வரத் தாமதமானால், ஏப்ரல் 15க்குள் 4868 (அவகாசம் கேட்கும் படிவம்) போட்டால் அக்டோபர் 15வரை நேரம். சதவீதம் கேட்கிறவனிடம் போகாதீர்கள். தயாரித்தவர் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாநில ரிட்டர்னையும் திருத்த வேண்டியிருக்கும், மறக்காதீர்கள். இப்படிப்பட்ட ஆட்கள்மேல் புகார் கொடுக்க ஐஆர்எஸ்ஸில் 14157 என்று ஒரு படிவம் இருக்கிறது. என்னுடையது 276 டாலர் கணக்கோடு நாளைக்குத் தபாலில் போகிறது.