25 வெள்ளி ஸ்பீக்கர், மூணு வருஷக் கரகரப்பு

மூணு வருஷம் முன்னாடி சிங்கப்பூர் யீஷூன்ல ஒருத்தர்கிட்ட செகண்ட்ஹேண்டா வாங்கினது இந்த 2.1 செட். ஒரு சப்வூஃபர் (அடி சத்தத்துக்கான பெரிய பொட்டி), ரெண்டு குட்டி ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் சப்வூஃபர் பொட்டிக்குள்ளயே. 25 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பிளாக்குக்குக் கீழ திறந்தவெளியா இருக்கிற வாய்ட் டெக்ல பிளக் இல்லைன்னு வீட்டு வாசலுக்கே கூப்பிட்டு, என் போனை சொருகிப் போட்டுக் காட்டினாரு, சத்தம் கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு, நானும் பேரம் பேசாம காசைக் குடுத்துட்டு அந்தப் பொட்டியை மடியில வச்சுக்கிட்டு எம்ஆர்டி ரயில்ல ஜூரோங் வந்து சேர்ந்தேன்.

வீட்ல லேப்டாப்ல சொருகினா "ர்ர்ர்"னு ஒரு உறுமல், அது மேல "சீய்ய்"னு ஒரு கீச்சல். மவுஸ்ல ஸ்க்ரோல் பண்ணா கீச்சல் கூடவே ஏறி இறங்குது! ஏமாத்திட்டான்யான்னு கோவத்துல அந்தாளுக்கு நாலு வரி காட்டமா மெசேஜ் தட்டிவிட்டேன். அவரு பொறுமையா, கொண்டு வாங்க காசைத் திருப்பித் தர்றேன், ஆனா எங்க வீட்ல ஒரு நாளும் இந்தச் சத்தம் வந்ததில்லைன்னு பதில் போட்டாரு. பழைய ஜாமான் விக்கிறவன் எல்லாரும் இதைத்தானே சொல்லுவான்னு நினைச்சேன். ஆனா யீஷூன் வரைக்கும் மறுபடி யாரு தூக்கிட்டுப் போறது, சோம்பேறித்தனம், அப்படியே கிடந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை என் வீட்டம்மா வேக்குவம் கிளீனர் போடணும்னு லேப்டாப் சார்ஜரை உருவினாங்க. டக்குனு சத்தம் நின்னுபோச்சு. திரும்பச் சொருகினேன், வந்துச்சு. உருவினேன், போச்சு. வேக்குவம் அடிக்கிறதை நிறுத்தச் சொல்லிட்டு இதையே பத்து தடவை பண்ணிட்டிருந்தேன், திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

விஷயம் என்னன்னா, சப்வூஃபருக்கும் மூணு பின் பிளக், என் சார்ஜருக்கும் மூணு பின் பிளக், ரெண்டும் சுவத்துல எர்த்துக்குப் போகுது, நடுவுல ஆடியோ கேபிளோட ஷீல்டு (உள் ஒயரைச் சுத்தியிருக்கிற உலோக உறை) ரெண்டையும் இன்னொரு பக்கம் சேர்த்து ஒரு வளையமாக்கிடுது. கிரவுண்ட் லூப்ங்கிறது இதுதான். அந்த வளையத்துல ஓடுற குட்டிக் கரண்ட்டை ஆம்ப்ளிஃபையர் பாட்டுன்னு நினைச்சு பெருசாக்குது. லேப்டாப்ல ப்ராசஸர் வேலை கூடக் கூட கரண்ட் மாறும், அதான் ஸ்க்ரோலுக்கு ஏத்தமாதிரி கீச்சல். போன்ல போட்டப்ப ஏன் வரலைன்னா, போன் பேட்டரில ஓடுது, எர்த்தே கிடையாது. பாவம் அந்த மனுஷன். அன்னைக்கே மன்னிப்புக் கேட்டு மெசேஜ் போட்டேன், ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினாரு.

காரணம் தெரிஞ்சப்புறமும் தப்பான பொருளைத்தான் வாங்கினேன். தனியா யூஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டா சரியாகும்னு 30 வெள்ளி செலவு, ஒரு மாத்தமும் இல்ல, ஏன்னா யூஎஸ்பி ஒயரோடயே லேப்டாப் கிரவுண்டும் சேர்ந்து வந்துடுது. கூட வேலை பாக்குற ஒருத்தர், பிளக்ல எர்த் பின்னை மட்டும் எடுத்துடு, சத்தம் போயிடும்னாரு. போகும்தான், ஆனா உள்ள ஏதாவது ஒயர் விட்டுப்போச்சுன்னா 230 வோல்ட்டு பொட்டி மேலயே வந்து உக்காரும், தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க. ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல போட்டப்ப உறுமல் பாதியாச்சு. மீதியை முடிச்சது ஆடியோ கேபிளுக்கு நடுவுல சொருகுற ஐசொலேட்டர், 8 வெள்ளி. உள்ள குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சிக்னலை விட்டுட்டு ஒயர் தொடர்பை மட்டும் அறுத்துடும். ஒரே குறை, விலை கம்மியான ஐசொலேட்டர்ல அடி சத்தம் கொஞ்சம் சப்புனு ஆயிடும். உருமி மேளம் போட்டா அந்த வயித்தைப் பிசையிற உறுமல் வரமாட்டேங்குது. (தேவையில்லாத உறுமலை நிறுத்தப்போய் தேவையானதும் போச்சு.) அதனால உருமி கேக்கணும்னா மட்டும் ஐசொலேட்டரைக் கழட்டிட்டு, சார்ஜரையும் உருவிட்டு, பேட்டரில போட்டுக் கேப்பேன்.

ஸ்பீக்கர் வாங்கின புதுசுல எங்க மாமா, போனைப் பக்கத்துல வைக்காதடா அதான் இரையுதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. அவரு சொல்றது அந்தக் காலத்து "டிட்டிட் டிட்டிட்", கால் வர்றதுக்கு முன்னாடியே ஸ்பீக்கர் சொல்லிடுமே, அது 2ஜி போனோட வேலை. சிங்கப்பூர்ல 2ஜியை 2017 ஏப்ரல்லயே மூடியாச்சு மாமா.

ரெண்டாவது வருஷம் வந்தது உண்மையாவே ஸ்பீக்கரோட கோளாறு. வால்யூம் திருகும்போது மட்டும் கரகர, ஒரு இடத்துல நிறுத்தினா ஒரு பக்கம் சத்தமே இல்ல. திருகும்போது மட்டும் வந்தா அந்தத் திருகிதான் குத்தவாளி, உள்ள கார்பன் பட்டையில அழுக்கு. நம்ம ஊர் ஈரத்துக்குக் கேக்கவே வேணாம். அவசரத்துல கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிச்சேன், ஒரு வாரம் ஜோர், அப்புறம் தூசியெல்லாம் அந்தப் பிசுக்குல ஒட்டி முன்னைவிட மோசம். எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர்னே தனியா விக்குது, அதை அடிச்சு முப்பது நாப்பது தடவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருகினப்புறம்தான் வழிக்கு வந்துச்சு.

போன வருஷம் இன்னொண்ணு, கேபிளே சொருகாம சும்மா ஆன் பண்ணாலும் "ம்ம்ம்". வால்யூமைக் குறைச்சாலும் குறையல. கேபிளை உருவியும் சத்தம் வந்தா லேப்டாப்பைத் திட்டிப் பிரயோஜனமில்ல, உள்ளதான் பாக்கணும். சத்தத்தோட அதிர்வெண்ணைக் காட்டுற ஒரு ஆப்பை போன்ல வச்சுப் பாத்தா 100 ஹெர்ட்ஸ்ல ஊசி மாதிரி நிக்குது. சுவத்துக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதை டிசியா மாத்துற ரெக்டிஃபையர் தாண்டினா ரெட்டிப்பா 100, அந்த ஏத்த இறக்கத்தைச் சமமாக்குறது கெப்பாசிட்டர் வேலை. திறந்தா ரெண்டு கெப்பாசிட்டர் தலை உப்பலா பூரி மாதிரி. சிம் லிம் டவர்ல ஒரு கடையில பழசைக் காட்டினேன், கடைக்கார அங்கிள் நிமிந்துகூடப் பாக்காம ஒரு டப்பாவை இழுத்து ரெண்டு எடுத்துக் குடுத்தாரு, 4700 மைக்ரோஃபேரட், 25 வோல்ட், பழசு 85 டிகிரி சூடு தாங்கும், இது 105. ரெண்டும் சேர்த்து ஒரு கோபி (கடைக் காப்பி) காசுதான். மாத்துறவங்க பிளக்கை உருவி கொஞ்ச நேரம் விட்டு, சார்ஜ் இறங்கிடுச்சான்னு மீட்டர்ல பாத்துட்டு கை வைங்க, பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டுடாதீங்க.

இப்போ ராத்திரி காதைக் கொண்டுபோய் ஸ்பீக்கர்ல வச்சாதான் லேசா "ஸ்ஸ்"னு கேக்கும், அது ஆம்ப்ளிஃபையரோட மூச்சு, அதை ஒண்ணும் பண்ணமுடியாது, பண்ணவும் வேணாம். விண்டோஸ்ல வால்யூமை ஏத்தி வச்சுட்டு ஸ்பீக்கர் திருகியைக் குறைச்சு வச்சா அதுவும் அடங்கிடுது. ஆனா டிசம்பர் மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இடது பக்கம் மட்டும் அப்பப்ப விட்டு விட்டு வருது, ஒயரை ஆட்டினா சரியாகுது. ஜாக்ல சால்டர் (ஈயப் பத்து) விட்டிருக்கும்னு நினைக்கிறேன், சனிக்கிழமை கழட்டணும்.