ஜோசப் ஸ்மித் போதனைத் தொகுப்பு: முழுதாகப் படித்த பிறகு சொல்கிறேன்

‘டீச்சிங்ஸ் ஆஃப் த ப்ராஃபெட் ஜோசப் ஸ்மித்’ பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், இல்லையென்றால் கிழி கிழியென்று கிழிக்கிறார்கள். சுமார் 400 பக்கத்தையும் படித்துவிட்டேன். குறை சொல்பவர்கள் பக்கம்தான் என் ஓட்டு, ஆனாலும் வாங்காதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை.

அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவ சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தை 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு 38 வயது. தன் பிரசங்கங்களை அவர் தொகுத்து வைத்துவிட்டுப் போகவில்லை. அந்த வேலையை 1938இல் செய்தவர் சபையின் வரலாற்றாளராக இருந்த ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித். இவர் ஜோசப்பின் அண்ணன் ஹைரமின் பேரன், பிற்பாடு சபைக்கே தலைவரானவர். பிரசங்கம், கடிதம், நாட்குறிப்பு என்று பொறுக்கி எடுத்து, கால வரிசையில் ஆறு பகுதிகளாக அடுக்கி, துணைத்தலைப்பும் போட்டிருக்கிறார். விசுவாசிகளுக்கு இது பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஐந்து நிமிடத்தில் படித்து முடிக்க ஒரு துண்டு கிடைக்கும்.

சிக்கலே அந்தத் துண்டுகளில்தான். சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் போலப் பிழையற்ற நூல் பூமியில் வேறில்லை என்று ஜோசப் சொன்னதாக எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி இதில் இருக்கிறது. நேராக அவர் வாயிலிருந்து வருவது போலத்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் அது 1841 நவம்பர் 28 அன்று நடந்த ஒரு நாள் முழுப் பேச்சை சபைத் தலைவர்களில் ஒருவரான வில்ஃபோர்ட் வுட்ரஃப் தன் நாட்குறிப்பில் சுருக்கி எழுதி வைத்த வரி. மூலத்தைத் தேடிப் பார்க்கும் வாசகர்களுக்குக் கோபம் வருவது இந்த மாதிரி இடங்களில்தான், எனக்கும் வந்தது.

இதைவிட உறுத்தியது மகிழ்ச்சியைப் பற்றிய பகுதி. நம் வாழ்வின் நோக்கமே மகிழ்ச்சிதான் என்று ஆரம்பிக்கும், படிக்க நன்றாகத்தான் இருக்கும், சுவரில் மாட்டி வைக்கக்கூடத் தோன்றும். ஆனால் அது 1842இல் தன் சகா சிட்னி ரிக்டனின் மகளுக்கு, அவள் தன்னோடு பலதார மணத்துக்கு மறுத்த பிறகு, ஜோசப் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம், அதை வெளியிட்டதே அவரோடு பகைத்துக்கொண்ட ஜான் பென்னட்! தொகுப்பில் இந்தச் சங்கதி எதுவும் கிடையாது. தெரிந்த பிறகு அதே வாக்கியங்களை மறுபடி படித்துப் பாருங்கள், வேறு மாதிரி கேட்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: பிற கிறிஸ்தவ வாசகர்கள், கடவுளும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தார் என்ற இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள். அவர்களுக்குச் சண்டை அந்த மதத்தோடு, அதற்குத் தொகுப்பாளர் என்ன செய்வார்?

சரி, அப்புறம் ஏன் வாங்கலாம் என்கிறேன்? அந்தச் சர்ச்சைக்குரிய போதனை வரும் கிங் ஃபாலெட் பிரசங்கத்துக்காகத்தான். கிணறு வெட்டும்போது இறந்துபோன கிங் ஃபாலெட் என்ற நண்பரை நினைவுகூர்ந்து 1844 ஏப்ரல் 7 அன்று நாவூ நகரத்தில் பேசியது. காற்று அடங்கட்டும், என் நுரையீரலுக்குப் பலம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறார். நடுவில் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, மனித ஆன்மா இது மாதிரி, தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, இதை வெட்டினால்தான் இரண்டும் வரும் என்கிறார். முடிக்கும்போது, என் கதையை நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, எனக்கே நடந்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன் என்கிறார். இதுவும் நான்கு பேர் கையால் எழுதிய குறிப்புகளைப் பிற்பாடு இணைத்து உருவாக்கிய வடிவம்தான், ஆனால் அந்த மோதிரத்தை எந்த எழுத்தராலும் மழுங்கடிக்க முடியவில்லை.

என் யோசனை, முதலில் கடைசிப் பகுதியைப் படியுங்கள். ஒரு வரி பிடித்துப்போய் யாருக்காவது அனுப்பத் தோன்றினால், அனுப்புவதற்கு முன் ஜோசப் ஸ்மித் பேப்பர்ஸ் இணையதளத்தில் அந்தத் தேதியைப் போட்டுத் தேடுங்கள். கையெழுத்துப் பிரதியின் படமே இருக்கும், இலவசம்தான்.