பாளையங்கோட்டை மரச்செக்குக் கடை: வாங்கிப் பார்த்ததில்

மாவுச்சத்தைக் குறைத்து, பாக்கெட் தின்பண்டங்களையும் ரீஃபைண்ட் எண்ணெயையும் ஒதுக்கியபின், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமுள்ள ஒரு மரச்செக்குக் கடையில்தான் எண்ணெய் வாங்குகிறேன். எள்ளோடு கருப்பட்டியும் சேர்த்து ஆட்டுவதைக் கண்டு, இனிப்பு எண்ணெயில் இறங்காதா என்று கேட்டபோது, கடைக்காரர் சூடாறாத பிண்ணாக்கைக் கிள்ளித் தந்தார். இனிப்பெல்லாம் அதில்தான் இருந்தது, ஏனெனில் சர்க்கரை எண்ணெயில் கரையாது.

"சோறு திங்காம உடம்பு எப்படிலே தாங்கும்?" என்று கேட்கும் ஆச்சி, உருளைக்கிழங்கை ஒதுக்கிவிட்டுச் சொதியை மட்டும் நான் குடிப்பதை இன்னும் ஒப்பவில்லை என்றாலும், நல்லெண்ணெயை மோந்து பார்த்துத் தமக்கும் ஒரு லிட்டர் கேட்டார்.

கடலையெண்ணெயில் வண்டல் அதிகம். இன்னும் சில நாள் தெளியவிட்டு விற்கலாம். விலையும் கூடுதல்தான். தூக்குவாளி கொண்டுபோனால் அளந்து ஊற்றித் தருகிறார்கள்.